குளிர்சாதனத்தை எப்பொழுது மாற்றுவது?

தவக்காலம் பாதி கழிவதற்குள் எங்கள் கடற்கரைப் பங்குகளில் ஒரு கேள்வி ஆண்டுதோறும் தவறாமல் எழுகின்றது. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கையிலும், அன்பியக் கூட்டம் கலைந்து தேநீர் அருந்துகையிலும் யாராவது ஒருவர் தொடங்குவார்: "இந்த வருஷமும் ஏ.சி.க்குக் கேஸ் அடிக்கணுமாம். அடிக்கவா, புதுசு வாங்கவா?" உடனே ஆளுக்கொரு தீர்ப்புக் கிடைத்துவிடும். பழைய இயந்திரந்தான் உறுதி, விட்டுவிடாதீர்கள் என்பார் ஒருவர். பத்தாண்டு கடந்ததைத் தலைமுழுகிவிடுங்கள் என்பார் இன்னொருவர். தவணையில் தருகிறார்களே, யோசிப்பானேன் என்பார் மூன்றாமவர். கேட்டவர் முன்னிலும் குழம்பியவராய் வீடு திரும்புவார்.

2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் இக்கேள்வி தூத்துக்குடியில் உள்ள எங்கள் வீட்டிற்கும் வந்தது. அதற்கு விடை தேடியபோது, இயந்திரத்தின் வயதைக் காட்டிலும் அதன் விலையைக் காட்டிலும் முக்கியமான ஒன்று எங்களுக்குப் புலப்பட்டது. பழுது பார்ப்பது வேறு. பழுதை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குத் தீனி போடுவது வேறு. நாம் கொடுக்கும் பணம் முன்னதற்குப் போகின்றதா, பின்னதற்குப் போகின்றதா என்று தெரிந்துவிட்டால், மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதா என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனை விளக்கவே இதனை எழுதுகின்றோம்.

குளிர்சாதனத்தைப் பற்றித் திருச்சபை இதழில் எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலிலேயே குளிர்சாதனத்தைப் பற்றிய பேச்சு உண்டு. நம் காலத்து நுகர்வுப் பழக்கம் எவ்வாறு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகின்றது என்பதற்கு எளிய எடுத்துக்காட்டாக அவர் அதனைத்தான் குறிப்பிட்டார். அந்தக் கண்டிப்பை நாங்கள் மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகின்றோம். ஆயினும் வெயிலில் வாடும் ஒரு முதியவருக்குக் குளிர்ந்த அறை என்பது ஆடம்பரம் அன்று என்பதும் எங்கள் கருத்து.

எங்கள் தாயாருக்கு அப்போது வயது 81. இதயம் பலவீனம். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்ளுகின்றவர். வெப்பம் மிகும்போது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் தோலை நோக்கி அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கின்றது. அதற்காக இதயம் கூடுதலாக உழைக்கின்றது. முதுமையில் வியர்க்கும் ஆற்றலும் தாகம் உணரும் ஆற்றலும் குன்றிவிடுகின்றன. மதுரைப் பக்கத்து வெயில் கொடியது எனினும் வறண்டது. அங்கே வியர்வை உலர்ந்துவிடும். கடற்கரையிலோ காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உடலிலேயே நிற்கும். மின்விசிறி எத்துணை வேகமாய்ச் சுழன்றாலும் புழுக்கம் தீராது. "மே மாதத்தில் இரவிலாவது அறை குளிர்ச்சியாய் இருக்கட்டும்" என்று மருத்துவர் சொன்னது இதனால்தான். ஆகவே எங்கள் வீட்டில் குளிர்சாதனம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. இருப்பது நம்பத்தக்கதா என்பதே கேள்வி.

இனி, அவ்வியந்திரம் இயங்கும் விதத்தைச் சற்றுக் காண்போம். இதை அறியாததால்தான் பலர் ஆண்டுதோறும் பணத்தை இழக்கின்றனர். நெற்றியில் உள்ள வியர்வை ஆவியாகும்போது குளிர்கின்றது அன்றோ? அதே தத்துவந்தான். அறையின் உள்ளே இருக்கும் குழாய்ச் சுருளில், அதாவது காயிலில், ஒரு திரவம் ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுகின்றது. அந்த ஆவியை வெளியே உள்ள கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்கி வெளிக் காயிலுக்கு அனுப்ப, அங்கே அது வெப்பத்தைத் தெருக்காற்றில் விட்டுவிட்டு மீண்டும் திரவமாகின்றது. பின்னர் உள்ளே வருகின்றது. இவ்வாறு அந்த வாயு ஓர் அடைத்த வளையத்தில் சுற்றிச் சுற்றி வருகின்றதேயன்றி, எங்கும் எரிவதுமில்லை, தேய்வதுமில்லை.

சமையல் எரிவாயு தீர்ந்துபோவது போலவும், வண்டியில் பெட்ரோல் தீர்ந்துபோவது போலவும் குளிர்சாதனத்தின் கேஸும் ஓடஓடத் தீரும் என்று நம்புகின்ற குடும்பங்கள் ஏராளம். அது தவறு. நல்ல இயந்திரத்தில் முதல் நாள் அடைத்த வாயு கடைசி நாள் வரை இருக்க வேண்டும். குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கின்றது என்பதே பொருள். ஓட்டையைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்புவது, வாளியின் அடியில் விரிசலை வைத்துக்கொண்டு மேலே தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். "ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் கேஸ் அடிச்சிக்கணும்" என்று சொல்லும் மெக்கானிக்கை விட்டு வேறொருவரைத் தேடிக்கொள்வது நலம்.

எங்கள் இயந்திரம் தந்தையார் பணி ஓய்வு பெற்ற பணத்தில் 2010-இல் வாங்கியது. ஒன்றரை டன். ஒன்பதாண்டுகள் அது ஒரு குறையுமின்றி ஓடிற்று. 2019-இல் முதன்முறையாகக் குளிர்ச்சி குறைந்தது. செப்புக் குழாயை வெளி யூனிட்டுடன் பிணைக்கும் திருகுமரை தளர்ந்திருந்ததால் வாயு கசிந்திருந்தது. குழாயின் முனையைப் புதிதாய் விரித்து, திருகை இறுக்கி, வாயு நிரப்பினார்கள். அது உண்மையான பழுது பார்ப்பு. அதன்பின் நான்கு கோடைகள் ஓடிற்று. 2023-இல் உள் காயிலில் ஓரிடத்தில் ஓட்டை. பற்றவைத்து மூடினார்கள். அதுவும் செய்யத்தக்கதே. 2024-இல் மீண்டும் குளிர்ச்சி குறைந்தபோதுதான் நிலைமை வேறாயிற்று.

வந்த மெக்கானிக் எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர், ஐ.டி.ஐ.யில் முறையாகப் பயின்றவர். வந்ததும் சிலிண்டரைத் திறக்கவில்லை. காயிலுக்குள் நைட்ரஜனை அழுத்தமாகச் செலுத்தி, சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவினார். ஓரிடத்தில் குமிழி கிளம்பிற்று. பிறகு வேறோரிடத்தில். பின்னர் வளைவுகளில் இரண்டு மூன்று இடங்களில் சின்னஞ்சிறு குமிழிகள். கடலோரத்து உப்புக் காற்று அலுமினியத் தகடுகளையும் செப்புக் குழாய்களையும் மெல்ல அரித்துவிடுகின்றது. அதுவுமன்றி, வீட்டினுள் உள்ள சில பொருள்களிலிருந்து எழும் அமில ஆவிகள் ஈரத்துடன் சேர்ந்து செம்பினுள் எறும்புப் புற்றுப் போன்ற நுண்ணிய துளைகளைக் குடைவதும் உண்டு. வெளியே பார்த்தால் ஊசி முனை அளவே தெரியும். "ஒண்ணு ரெண்டுன்னா அடைச்சுருவேன், அண்ணாச்சி. இது குழாயே மெலிஞ்சு போச்சு. இன்னைக்கு இங்க அடைச்சா அடுத்த மாசம் பக்கத்துல வரும்" என்றார். காயிலை முழுதும் மாற்றலாமா என்று கேட்டோம். பழைய மாதிரிக்குக் காயில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலியோடு சேர்த்துப் புதிய இயந்திரத்தின் விலையில் பாதியை நெருங்கும் என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குளிர்ச்சி குறைந்தவுடன் இயந்திரம் இறந்துவிட்டது என்று அழுதுவிடலாகாது. உள் யூனிட்டின் வடிகட்டியில் தூசி அடைந்திருந்தாலே குளிர் வராது. காயிலில் பனிக்கட்டிகூடப் படியும். அதைக் கழற்றிக் குழாய்நீரில் அலசுவது வீட்டுப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. அறைக்குள் தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைத்திருக்கும். வெளியே விசிறி சுழன்றும் கம்ப்ரஸர் இயங்காமல் முனகினால் கெபாசிட்டர் என்னும் சிறு உறுப்புப் போயிருக்கலாம். அதன் விலை சில நூறு ரூபாய். உணர்கருவி, விசிறி மோட்டார் ஆகியவையும் மாற்றிக்கொள்ளத்தக்கவையே. உள்ளே இருக்கும் மின்பலகை சற்று விலை கூடியது. எனினும் இளம் இயந்திரமாயின் அதற்காகவும் முழுதையும் கைவிட வேண்டியதில்லை. இவற்றில் ஏதேனும் ஒன்றிற்காகப் புதியது வாங்குங்கள் என்று யாராவது சொன்னால், இரண்டாவது ஆளிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கம்ப்ரஸர் எரிந்துபோவதும் காயில் பல இடங்களில் ஓட்டை விழுவதுமே பெருநோய்கள். நாங்கள் சந்தித்தது இரண்டாவது நோய்.

வாயுவைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 2010 வாக்கில் வந்த பெரும்பாலான வீட்டு இயந்திரங்களைப் போல எங்களுடையதிலும் இருந்தது ஆர்-22 என்னும் வாயு. வானத்தில் நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அது கெடுக்கின்றது. 1987-இல் செய்யப்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, இந்தியா போன்ற வளரும் நாடுகள் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைத்து 2030-க்குள் ஏறத்தாழ முற்றும் விட்டுவிட வேண்டும். 2020-இல் 35 விழுக்காடு குறைப்பு, 2025-இல் 67.5 விழுக்காடு குறைப்பு என்பது அந்த அட்டவணை. வரத்துக் குறையக் குறைய விலை ஏறுவது இயல்பு. ஓசோன் ஒருபுறமிருக்க, பூமியைச் சூடாக்குவதிலும் அது வல்லது. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயு செய்யும் தீங்கைச் செய்யும். ஓட்டை வாளியில் ஊற்றும் தண்ணீராவது மண்ணுக்குப் போகும்.

சிலர் சிக்கனம் கருதிப் பழைய இயந்திரத்தில் வேறு வாயுவை ஏற்றச் சொல்லுகின்றனர். இதை எச்சரிக்கையாகவே சொல்லுகின்றோம்: செய்யாதீர்கள். இப்போது புதியவற்றில் பரவலாக வரும் ஆர்-32 என்னும் வாயுவிற்கு அழுத்தம் மிக அதிகம். பழைய கம்ப்ரஸரும் அதிலுள்ள எண்ணெயும் அதற்கென அமைந்தவை அல்ல. மேலும் அது ஓரளவு தீப்பற்றக்கூடியது. சமையல் எரிவாயுவையே ஏற்றிவிடும் துணிச்சல்காரர்களும் உண்டு என்று கேள்விப்படுகின்றோம். படுக்கையறையின் சுவரில் வெடிமருந்தை மாட்டி வைப்பதற்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். கடைக்காரர்கள் சொல்லும் மின்சார மிச்சத்தை நம்பி மயங்கவும் கூடாது, அறவே தள்ளவும் கூடாது. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீட்டரைப் பார்த்து ஒரு வாரம் குறித்து வந்தோம். குளிர்சாதனம் ஓடாத இரவில் 2 யூனிட். ஓடிய இரவில் 12 யூனிட். ஆக, அதற்கு மட்டும் இரவொன்றுக்கு 10 யூனிட். புதியவற்றின்மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர அட்டையில், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் ஆகும் என்று அச்சிட்டிருப்பார்கள். பலர் நட்சத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டு அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. அதை வகுத்துப் பார்த்ததில், எட்டு மணி நேரத்திற்கு நான்கு அல்லது ஐந்து யூனிட் ஆகும் என்று தெரிந்தது. இரவுக்கு ஐந்து யூனிட் மிச்சம் என்றால் நான்கு மாதத்திற்கு 600 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 4,200 ரூபாய். நாங்கள் விசாரித்த இயந்திரத்தின் விலையோ 42,000. மின்சாரத்தில் மட்டும் அதனை மீட்க முழுதாய்ப் பத்தாண்டு வேண்டும். கடலோரத்தில் அதன் ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதான்! எனவே நன்றாய் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, மின்கட்டணத்தைக் காரணங்காட்டி மாற்றுவது பெரும்பாலான வீடுகளுக்குச் சரிப்பட்டு வராது. பகலிரவாய் ஆண்டு முழுதும் ஓட்டுகின்ற வீட்டுக்குக் கணக்கு வேறு. எங்களைப் போல் கோடை இரவுகளுக்கு மட்டும் ஓட்டுகின்றவர்கள் விளம்பரத்தைக் கண்டு பரபரக்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் கணக்கில் இன்னொரு வரியும் இருந்தது. அக்கோடையில் குறைந்தது இருமுறை கேஸ் அடிக்க வேண்டியிருக்கும். அதுவே ஏழாயிரம் ரூபாய். அவ்வளவு கொடுத்தும், நடு மே மாதத்தில் என்றைக்கு நின்றுபோகும் என்று சொல்ல இயலாது. மெக்கானிக்குகளுக்கு ஓயாத காலம் அது. அழைத்தால் வர மூன்று நாளாகும். அந்த மூன்று இரவுகளைத் தாயார் எப்படிக் கழிப்பார் என்பதை எந்த ரூபாயில் எழுதுவது?

தாயாரோ மாற்றக்கூடாது என்று ஒரே பிடியாய் நின்றார்கள். "அது உங்க அப்பா வாங்கினது. எனக்கு இன்னும் எத்தனை கோடை? எனக்காக நாற்பதாயிரம் கொட்டாதீங்க, பிள்ளை காலேஜ் பீஸுக்கு வைங்க" என்றார்கள். முதியவர்கள் இவ்வாறு சொல்லும்போது வாதாடுவது கடினம். அவர்கள் சொல்லுவதில் பாதி அன்பு, பாதி உண்மை. பீஸும் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு நாள் அப்பேச்சு அப்படியே நின்றது.

அதை முடித்து வைத்தது எங்கள் சொல் அன்று. வெளிச்சுவரில் இருந்த இரும்பு ஸ்டாண்ட். வெளி யூனிட் மாடிச் சுவரின் புறத்தே, சந்தின் மேலாக மாட்டப்பட்டிருந்தது. அதன் எடை ஏறத்தாழ 40 கிலோ. மெக்கானிக் சன்ஷேடில் இறங்கி நின்று, இடுப்புக் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு, ஸ்டாண்டின் மூலையைத் திருப்புளியால் தட்டிப் பார்த்தார். வர்ணத்திற்கு அடியில் இரும்பு முறுக்குப்போல் உதிர்ந்தது. திருப்புளி மறுபுறம் வந்துவிட்டது. உள்ளே வந்தவர் முகம் வெளிறியிருந்தது. அவர் எங்களிடம் பேசவில்லை, தாயாரிடம் பேசினார்: "ஆச்சி, கேஸ் அடிக்க ஒவ்வொரு தடவையும் நான் அந்த சன்ஷேடுலதான் நிக்கணும். அது இன்னொரு மழைக்குத் தாங்காது. கீழ சந்துல ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகுது." தாயார் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படின்னா இன்னைக்கே இறக்கு" என்றார்கள்.

வாசக அன்பர்கள் தங்கள் வீட்டு வெளி யூனிட்டின் ஸ்டாண்டை இம்மாதமே ஒருமுறை பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்ளுகின்றோம். உள்ளே குளிர் நன்றாக வருகின்றது என்பதற்காக அது உறுதியாய் இருக்கின்றது என்று பொருளல்ல. துருவின் கறை சுவரில் வழிந்திருந்தாலும், திருகின் தலை உப்பியிருந்தாலும், யூனிட் ஒருபுறம் சாய்ந்திருந்தாலும் உடனே ஆளை அழைக்க வேண்டும். இது சிறிய செலவு. துருப்பிடிக்காத எஃகில் ஸ்டாண்ட் கிடைக்கின்றது. கடலோரத்தில் விலையைப் பாராமல் அதையே போடலாம். இயந்திரம் நன்றாயிருந்தால் ஸ்டாண்டை மட்டும் மாற்றினாற் போதும். எங்களுடையதில் காயில், வாயு, ஸ்டாண்ட் மூன்றும் ஒன்றாய்க் கைவிரித்துவிட்டன.

புதியதை எத்தனை டன் வாங்குவது என்பதிலும் ஊரார் ஆலோசனை வந்து குவிந்தது. டன் என்பது இயந்திரத்தின் எடை அன்று. பனிக்கட்டிக் காலத்து அளவு அது: ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலே ஒரு டன். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாய் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கதை இருக்கட்டும். தாயாரின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே வெயில் படும் மொட்டை மாடி என்பதால் பழையதை ஒன்றரை டன்னாய் வாங்கியிருந்தார் தந்தையார். அறைக்கு மிஞ்சிய இயந்திரம் விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை உறிஞ்சப் போதிய நேரம் ஓடாது. கடற்கரையில் ஈரம் போவதே பாதிச் சுகம். ஆகவே முதலில் கூரையைக் கவனித்தோம். மொட்டை மாடித் தட்டோடுகளைக் கழுவி, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு முறை பூசினோம். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறத்தில் தென்னந்தட்டி கட்டினோம். உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது மேல். வெயில் கண்ணாடியைத் தொடுமுன்னே நின்றுவிடுகின்றது. அதன்பின் ஒரு டன்னே போதுமென்று மெக்கானிக்கும் ஒப்புக்கொண்டார். அதனால் விலையில் ஆறாயிரம் குறைந்தது. பூச்சின் செலவு அதில் அடங்கிற்று.

வெளி யூனிட்டைச் சுவரில் தொங்கவிடாமல் மொட்டை மாடியிலேயே நான்கு சிமெண்டுக் கட்டைகளின் மேல் நிறுத்தினோம். குழாய் சில அடி கூடிற்று. எனினும் இனி யாரும் அதற்காகச் சன்ஷேடில் இறங்க வேண்டியதில்லை. பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: வாயுவைத் திறந்துவிடுமுன் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். அதற்கு அரைமணி நேரமாவது ஆகும். அவசரக்காரர்கள் இயந்திரத்தினுள் இருக்கும் வாயுவையே சற்றுச் சீறவிட்டுக் குழாயை ஊதிவிட்டதாகப் பெயர் பண்ணிப் போய்விடுவர். உள்ளே தங்கும் ஈரம் சில ஆண்டுகளில் கம்ப்ரஸரைத் தின்றுவிடும். பம்பு கொண்டுவந்திருக்கின்றீர்களா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். தனி ஒயரும் தனி எம்.சி.பி.யும் எர்த்தும் இருக்கின்றனவா என்றும் அன்றே பார்த்துவிடுவது நலம்.

தாயார் இப்போது 27 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாய்ச் சுழலவிட்டுக்கொள்ளுகின்றார்கள். நட்சத்திர முத்திரை பெற்ற புதிய இயந்திரங்கள் 2020 முதல் தாமாகவே 24-இல் தொடங்குமாறு அரசு விதித்திருக்கின்றது. அதைவிடத் தாழ்த்த வேண்டிய தேவை எங்களுக்கு நேரவில்லை. கூரை வெள்ளையானதும் ஒரு டன்னுக்கு இறங்கியதும் சேர்ந்து, இரவுக்கு நான்கு யூனிட் ஆகின்றது.

பழையதைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. காயலான் கடைக்காரர் 5,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அவர் எண்ணமெல்லாம் செம்பில். வாயுக் குழாயை வெட்டிக் காற்றில் விட்டுவிட்டுத்தான் செம்பை எடுப்பார். மெக்கானிக்கிடம் வாயுவை மீட்கும் கருவி இல்லை. தமக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரிடம் இருந்து ஒரு நாள் வாடகைக்கு வாங்கி வந்தார். அந்த வாடகை எங்களுடையது. மீந்திருந்த வாயுவைச் சிலிண்டரில் இழுத்து எடை போட்டோம். இயந்திரத்தின் தகட்டில் அதன் முழு அளவு 1 கிலோ 100 கிராம் என்று பொறித்திருந்தது. மிஞ்சியிருந்தது 400 கிராம். அதன்பின்னரே கூட்டை ஏற்றிவிட்டோம். 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளில் குளிர்சாதனமும் அடங்கும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கே கொடுக்க வேண்டும். எங்களுக்கு விற்ற கடையே அதற்கு ஏற்பாடு செய்து 3,500 கழித்துக்கொண்டது. தந்தையார் காலத்து ரிமோட்டை மட்டும் தாயார் கொடுக்கவில்லை. செபமாலை வைக்கும் பெட்டியில் அது இருக்கின்றது.